வெறும் ஏனம்

எங்கள் பக்கத்தில் என்னை நன்றி கெட்டவள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும். பக்கத்து வீட்டிலிருந்து பொங்கலோ கறியோ வந்தால், ஏனத்தைக் கழுவித் துடைத்து வெறுமையாகவே திருப்பிக் கொடுக்கிறேன். மட்டக்களப்பில் வளர்ந்த ஒருத்தி அப்படிச் செய்யக் கூடாது. வாங்குகிறவளின் முகம் ஒரு மாதிரிப் போகும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்கிறேன்.

அம்மா அப்படி இல்லை. வாகரையில், கடலுக்கும் களப்புத் தண்ணீருக்கும் நடுவில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஏனமும் வெறுமையாகத் திரும்பிப் போனதில்லை. நாலு பச்சை மிளகாய், ஒரு பிடி முருங்கையிலை, அதுவும் இல்லாவிட்டால் இரண்டு துண்டு கருவாடு. எதையாவது வைத்துத்தான் அனுப்புவார். ஒரு நாள் வீட்டில் ஒன்றுமே இல்லை. ஏதாவது பொறுக்கி வைத்துக் கொண்டுபோய்க் கொடு என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். அவன் கடற்கரையில் ஐந்து சோகிச் சிப்பி பொறுக்கி வைத்துக் கொடுத்துவிட்டு வந்தான். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கோ அது பெரிய கொண்டாட்டம். இரண்டு நாள் கழித்து அதே ஏனம் நிறைய மரவள்ளிக் கிழங்கோடு திரும்பி வந்தது.

அந்த நாட்களில் நன்றி என்ற சொல்லை நாங்கள் வாயால் சொன்னதாக ஞாபகம் இல்லை. பள்ளிக்கூட விழாவின் கடைசியில், எல்லோரும் எழும்பிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவர் நின்று சொல்வாரே, அந்தச் சொல் அவருக்கு உரியது என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்குள் அது வந்தது சுனாமிக்குப் பிறகு, லொறியில்.

கடல் வந்த காலையில் எனக்கு எட்டு வயது. அண்ணனுக்குப் பதினான்கு. அப்பா கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவரை அதற்குப் பிறகு நாங்கள் காணவில்லை. அண்ணன் என் தலைமயிரைப் பிடித்து இழுத்து, ஒரு தென்னையோடு என்னை அணைத்து, தண்ணீர் வடியும்வரை கையை எடுக்காமல் நின்றான். மரத்தில் உரசி அவன் இடது முழங்கால் கிழிந்து, பிறகு பெரிய தழும்பாகிவிட்டது. முன்பல் ஒன்றும் பாதி உடைந்து போனது. அவனுக்கு நன்றி சொல் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

லொறிக்காரர்களுக்குச் சொல்லத்தான் சொல்லித் தந்தார்கள். தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் வரிசையில் நிற்போம். அரிசி, சவர்க்காரம், யாரோ போட்டுக் கழித்த சட்டை. அம்மா எனக்குப் பின்னால் நிற்பார். சாமான் கைக்கு வந்ததும் அவருடைய சுட்டுவிரல் என் முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவில் வந்து குத்தும்.

"சொல்லு புள்ள."

"நன்றி ஐயா."

கொஞ்ச நாளில் 'சொல்லு' என்பதும் தேவைப்படவில்லை. விரல் பட்டால் வாய் திறந்துவிடும். வழி கேட்பதற்காக நிறுத்திய ஒரு லொறிக்காரருக்கும் நன்றி ஐயா என்று சொல்லிவிட்டேன். அண்ணன் சிரித்துச் சிரித்து மண்ணில் விழுந்தான். உடைந்த பல்லோடு அவன் சிரிப்பது பார்க்க ஓர் அழகு.

அடுத்த வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் பிள்ளைகளின் பெயர்களைப் பதிந்துகொண்டு போனது. எனக்கு ஒரு வெளிநாட்டுப் பெண்மணி கிடைத்தார். அவரை அன்ட்டி என்று எழுதச் சொன்னார்கள். சிவப்புக் கோட்டும் பக்கத்தில் ஒரு நாயுமாக, பனியில் நிற்கும் படம் ஒன்று வந்தது. அம்மா அதைப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். மாலையில் விளக்கு வைத்ததும் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அன்ட்டியையும் கும்பிட வேண்டும். புத்தகப் பை, சப்பாத்து என்று தவறாமல் அனுப்பினார். பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு சைக்கிளே வந்தது. என் கால் எட்டவில்லை, அண்ணன்தான் அதில் ஓடித் திரிந்தான்.

பதிலுக்கு நாங்கள் செய்ய வேண்டியது கடிதம் எழுதுவது. அதற்கென்று ஒரு தாள் தருவார்கள். மேலே கோடுகள், கீழே படம் கீற ஒரு கட்டம். என் எழுத்து கோழி கிண்டிய மாதிரி இருக்கும். அதனால் நான் பழைய கொப்பித் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுப்பேன். கட்டத்தில் படம் கீறி, பெயரை எழுதிவிடுவேன். அம்மா பிறகு கோடுகளில் தன் வடிவான எழுத்தில் பார்த்து எழுதுவார். நிறுவனத்துத் தம்பி ஒருவர் வந்து, சனசமூக நிலையத்தில் எல்லாப் பிள்ளைகளின் தாள்களையும் வாங்கிக்கொண்டு போவார். அவர்கள் ஒரு பிரதியை வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் மாற்றி, தாளோடு சேர்த்து அனுப்புவார்கள். அம்மா பார்த்து எழுதியதை நான் ஒரு தடவைகூடத் திரும்ப வாசித்ததில்லை. அம்மா எழுதியதை எதற்கு வாசித்துப் பார்க்க வேண்டும்?

பிறகு வாகரையில் சண்டை வந்தது. ஊர் முழுவதும் கிளம்பியது. நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, கடைசியில் சித்தாண்டியில் அம்மாவின் உறவுக்காரர் விட்ட ஒரு துண்டு வளவில் கொட்டில் போட்டு ஒதுங்கினோம். அன்ட்டியின் படமும் எங்களோடு வந்தது. அப்பாவின் படம் ஒன்றுகூட மிஞ்சாத வீட்டில் அந்த நாய்க்கு ஓர் ஆணி கிடைத்தது.

அண்ணனுக்குப் பதினேழு வயது. கரடியனாற்றுப் பக்கம் ஒரு வயல் வட்டையில் வேளாண்மை வெட்டுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். காலையில் சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு என் சைக்கிளில் ஏறினான். நீலச் சேட்டு போட்டிருந்தான்.

"நாலு நாளையில வாறன் புள்ள. வரக்குள்ள உனக்குச் சோளன் கொண்டு வாறன்."

அவன் வட்டைக்குப் போய்ச் சேரவே இல்லை. சைக்கிள் ஒரு மதகடியில் கிடந்ததாக ஒருவர் வந்து சொன்னார். யார் கொண்டுபோனது என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்தக் காலத்தில் கொண்டுபோகக் கூடியவர்கள் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கவில்லை. முதல் மாதம் அம்மா ஏறாத படி இல்லை. பிறகு ஒருவர் வீட்டுக்கு வந்து, "பொம்புளப் புள்ள இருக்கிற வீடு. சத்தம் போடாம இருங்க" என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். அதோடு அம்மா நிறுத்திவிட்டார். பொலிசில் ஒரு முறைப்பாடுகூடப் பதியவில்லை.

அந்த மாதம்தான் கடிதத் தாள் வந்தது. எனக்குச் சட்டென்று ஒரு வழி தெரிந்தது. வெளிநாட்டவர்கள் கேட்டால் விடுவார்கள் என்று ஊரில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வெளிநாட்டவர் படமாக என் வீட்டுத் தடியில் தொங்கிக்கொண்டிருந்தார். கொப்பித் தாளில் எழுதினேன். அன்புள்ள அன்ட்டி, எங்கள் அண்ணனைக் காணவில்லை. இடது முழங்காலில் தழும்பு இருக்கும். முன்பல் பாதி உடைந்தது. உங்கள் நாட்டு அரசாங்கத்திடம் சொல்லித் தேடித் தாருங்கள். எனக்கு இனிமேல் பையும் வேண்டாம், சப்பாத்தும் வேண்டாம்.

அம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். என் தலையைத் தடவினார்.

"எழுதி அனுப்புறன் புள்ள. நீ படத்தக் கீறு."

அண்ணனைக் கீறினேன். நீலச் சேட்டு, சைக்கிள், முழங்காலில் தழும்புக்காக ஒரு சிவப்புக் கோடு. அடையாளம் தெரிய வேண்டும் என்று பல்லையும் உடைத்துக் கீறினேன்.

பதில் வர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் அன்ட்டியை நான் மனதாரக் கும்பிட்டேன். வந்த கடிதத்தை நிறுவனத்துத் தம்பி தமிழில் எழுதித் தந்திருந்தார். உன் படம் மிக அழகு. உங்கள் குடும்பத்தில் எல்லோரும் நலமாக இருப்பது மகிழ்ச்சி. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நாய்க்குக் காலில் முள் குத்தி வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் அண்ணனைக் கேட்டேன். அவர் நாயின் காலைப் பற்றி எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ தடவை எழுதினேன். ஒவ்வொரு தரமும் அண்ணனைப் பற்றித்தான். ஒவ்வொரு தரமும் அம்மா "ஓம், எழுதிட்டன்" என்பார். ஒவ்வொரு பதிலிலும் பனியும் நாயும். அந்தப் பெண்ணை நான் வெறுத்தேன். கல்நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே விளக்குக்கு முன்னால் கை கூப்புவேன். அம்மா திரும்பி நிற்கும் சமயம் பார்த்து, அன்ட்டிக்குப் பூச வேண்டிய திருநீற்றை நாய்க்குப் பூசிவிடுவேன்.

யுத்தம் முடிந்தது என்று சொன்ன நாளில் தெருவில் வெடி கொளுத்தினார்கள். அம்மா வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டு, படலையைத் திறந்து வைத்தார். இனிமேல் விடுவார்கள் என்று நினைத்தார். பல நாள் அந்தப் படலை திறந்தே கிடந்தது. ஆடு வந்து கத்தரிக் கன்றுகளைத் தின்றதுதான் மிச்சம்.

அடுத்த வருஷம் அன்ட்டி எங்களைப் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. எனக்கு அப்போது பதினான்கு வயது. அவரிடம் கேட்பதற்கென்று ஆங்கில ரீச்சரிடம் ஒரேயொரு வசனம் கேட்டுப் பாடமாக்கினேன். என் அண்ணன் எங்கே? அவ்வளவுதான். குளிக்கும்போதும் சொல்லிப் பார்த்தேன். அவர் முகத்துக்கு நேரே நின்று அதைக் கேட்க வேண்டும், அவர் கூனிக் குறுக வேண்டும் என்பதே என் ஆசை.

நிறுவனத்து வானிலிருந்து இறங்கியவர் படத்தில் இருந்ததைவிட வயதானவர். வெயிலில் முகம் சிவந்து போயிருந்தது. என்னைக் கட்டிப் பிடித்து அழுதார். பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து இளநீரைக் குடித்துவிட்டு, கொட்டிலைச் சுற்றி ஆவலோடு பார்த்தார். நான் வாயைத் திறக்க முதல் அவர் ஏதோ கேட்டார். நிறுவனத்துத் தம்பி சிரித்துக்கொண்டே தமிழில் சொன்னார்.

"அண்ணா எங்க எண்டு கேக்கிறா."

என் வசனம் அவர் வாயிலிருந்து வந்தது.

"மில்லுல வேல மகன்" என்று அம்மா அந்தத் தம்பியிடம் சொன்னார். "இண்டைக்கு லீவு குடுக்கல்ல."

அன்ட்டிக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. தன் பையிலிருந்து ஒரு கட்டுக் கடிதத்தை எடுத்தார். எல்லாம் என் கடிதங்கள். அதற்குள் தேடி, நீலச் சேட்டு அண்ணனை எடுத்துக் காட்டினார். நான் கீறிய சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அதற்கு மேலே அம்மாவின் வடிவான எழுத்து. இது என் அண்ணன். அவருக்கு நெல் மில்லில் வேலை கிடைத்திருக்கிறது. தினமும் சைக்கிளில் போய் வருகிறார். நாங்கள் எல்லோரும் நலம். உங்களுக்கு மிகவும் நன்றி.

அடுத்த தாளில், அம்மாவின் எழுத்தில், அண்ணனுக்கு மீசை முளைத்திருந்தது. அதற்கடுத்ததில் முதல் சம்பளத்தில் எனக்கு வளையல் வாங்கித் தந்திருந்தான். இன்னொன்றில் என்னைவிட இரண்டு அடி உயரமாகிவிட்டான். என் பெயர் எல்லாவற்றிலும் கீழே இருந்தது, என் கோழி கிண்டிய எழுத்தில்.

அன்ட்டி ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். கட்டம் போட்ட சேட்டு. அண்ணனுக்காம். கடிதத்தில் எழுதியிருந்த உயரத்துக்குப் பார்த்து வாங்கினாராம். காணாமல் போன அன்று இருந்த அண்ணனைப் போல இரண்டு பேர் அதற்குள் புகுந்துவிடலாம். அதை என் கையில் வைத்தார். நான் அம்மாவைத் திரும்பிப் பார்க்க முதல், அந்த விரல் என் முதுகில் வந்து குத்தியது.

"தேங்க்யூ அன்ட்டி" என்றேன்.

அதற்காக என்னை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. அம்மாவையும்தான்.

வான் போனதும் சேட்டை அவர் முன்னால் வீசினேன். ஏன் அம்மா, ஏன் அம்மா என்றுதான் கத்த முடிந்தது. அவர் சேட்டை எடுத்து மண்ணைத் தட்டினார்.

"அந்தக் கடுதாசி எத்தின கையால போகுதெண்டு உனக்குத் தெரியுமா? ஒருத்தன் வாசிச்சாப் போதும். உன்னயும் குடுத்திட்டு நான் என்ன செய்யிற?"

பயம் எனக்கும் விளங்கும். அந்தப் பயத்தில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் பயந்தவர் அண்ணனைப் பற்றி எழுதாமல் விட்டிருக்கலாமே. மீசை எதற்கு? வளையல் எதற்கு? அதைக் கேட்டேன். அம்மா சேட்டை மடித்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து விளக்குக்கு முன்னால் நான் கை கூப்பவில்லை. மூன்று வருஷமாக ஒரு பாவமும் அறியாத பெண்ணைச் சபித்திருக்கிறேன். என்னைக் கைவிட்டவர் பனியில் நிற்கவில்லை. எனக்குச் சோறு போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே இருந்தார்.

சில காலம் கழித்து, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஒரு குழு வரப்போகிறது என்று அறிவித்தார்கள். இனிமேல் சொல்லலாம், பயமில்லை என்றார்கள். ஆனால் இன்ன காலத்தில் இவன் காணாமல் போனான் என்பதற்கு ஏதாவது கடிதம் இருந்தால் நல்லது. எங்களிடம் பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு இல்லை. அந்த வருஷங்களில் எங்கள் குடும்பத்தைப் பற்றி எழுத்தில் ஏதாவது வைத்திருந்த ஒரே இடம் அந்த நிறுவனம்தான். நானும் அம்மாவும் பஸ் ஏறி டவுணுக்குப் போனோம்.

அங்கிருந்த அலுவலர் நல்ல மனிதர். எங்கள் கோப்பைத் தேடி எடுத்து, மேசையில் விரித்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அவர் முகம் மாறியது.

"அம்மா, இதில உங்கட மகன் மில்லில வேலை செய்யிறார் எண்டுதானே இருக்கு? அந்த வெளிநாட்டம்மா வந்த வருஷம் வரைக்கும் இருக்கே."

"அது நான் எழுதின, ஐயா. பொய்."

"பொய்யா?" அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதில இருக்கிறத மாத்தி நான் எப்பிடிக் கடிதம் தாற? நாளைக்கு அவங்க இந்தக் கோப்பக் கேட்டா?"

அவர் கடிதம் தரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் வரவில்லை. அண்ணன் காணாமல் போகவில்லை என்பதற்கு என் பெயர் போட்டு, படமும் கீறி, சாட்சி கொடுத்திருப்பது நான். கட்டுக்கட்டாக.

வாவிக்கரையோரம் பஸ்ஸுக்கு நின்றோம். எதிரில் தண்ணீரில் தோணி ஒன்று அசையாமல் நின்றது. அம்மா தானாகத் தொடங்கினார்.

"அந்தம்மா ஒவ்வொரு தரமும் நிறைச்சு நிறைச்சு அனுப்பினா. திருப்பி வைக்க நம்மட்ட என்ன இருந்த? வெறும் ஏனமாத் திருப்பி அனுப்பச் சொல்றியா? நல்லதெண்டு நம்மட்ட இருந்தது அவன் மட்டுந்தான் புள்ள. அவனத்தான் வைச்சன்."

"அவனை வைச்சு அனுப்பிட்டு, இப்ப எங்கட அண்ணனக் காணல்லெண்டு யாரிட்டப் போய்க் கேக்கிற?" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்காக எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் கோபம் போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை. நல்ல மனதோடு செய்தார் என்று சொல்கிறவர்களுக்கு அண்ணன் இல்லை, எனக்கு இருந்தான்.

விசாரணை நாளில் கடிதம் இல்லாமலே போனோம். பிரதேச செயலகத்து மண்டபத்தில் காலையிலிருந்து காத்திருந்து, மத்தியானம் எங்கள் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் படிவத்தை நிரப்பினார். அம்மா கதிரையில். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"காணாமல் போகக்குள்ள வயசு?"

"பதினேழு."

"அங்க அடையாளம் ஏதும்?"

"இடது முழங்கால்ல தழும்பு. முன்பல் பாதி உடைஞ்சது." அம்மா கொஞ்சம் யோசித்தார். "நல்ல உயரம், ஐயா. மீசை இருக்கு."

அண்ணனுக்கு மீசை முளைக்கவில்லை. போன அன்று இருந்தபடி இப்போது வந்து நின்றால் என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். அந்த மீசை கடிதத்தில் முளைத்தது. அந்த உயரம் அன்ட்டியின் சேட்டுக்காக வளர்ந்தது. அந்த ஆளைத் தேடினால் என் அண்ணனை ஒருநாளும் கண்டுபிடிக்க மாட்டார்கள். எழுதுகிறவர் மீசை என்று எழுதிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்லுங்க அம்மா, திருத்துங்க அம்மா என்று வாயால் சொல்ல வரவில்லை. என் சுட்டுவிரலை அவர் முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவில் வைத்து அழுத்தினேன்.

அம்மா நிமிர்ந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"நன்றி ஐயா" என்றார்.